மலையில் தொழில் தொடங்கும் முன்: திட்ட மேலாண்மையும் சாத்தியக்கூறு ஆய்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளும் மகளிர் குழுக்களும், கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஊர் திரும்பும் இளைஞர்களும் புதிதாக ஏதாவது தொடங்க நினைக்கும்போது கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களிலும் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்தியிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் பத்துச் சிறு விவசாயிகள் சேர்கிறார்கள். பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்குப் போடுவதை விட்டு, தாங்களே ஒரு சிறு கூடம் கட்டி ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையைத் தூளாக நறுக்காமல் உருட்டிச் செய்வது) தயாரித்து விற்க நினைக்கிறார்கள். இதில் வரும் ரூபாய்க் கணக்குகளும் வாரக் கணக்குகளும் வழிமுறையைக் காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையையும் கூலியையும் போட்டு நீங்களே ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.

திட்டம் என்று எதைச் சொல்கிறோம்?

தொடங்கும் நாளும் முடியும் நாளும் உள்ள வேலை, முடிவில் கையில் இன்னது இருக்க வேண்டும் என்று வரையறுத்த வேலை, அதுதான் திட்டம். வாரந்தோறும் கொழுந்து பறிப்பது தொழில். இடம் பார்ப்பதில் தொடங்கி, கூடம் கட்டி, முதல் சரக்கைத் தயாரித்து விற்பது வரை திட்டம். அதன் பிறகு அது அன்றாடத் தொழிலாகிவிடுகிறது.

வேலையின் அளவு, காலம், செலவு என்ற மூன்றும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டில் ஒன்றாவது மாறியே தீரும். இதைக் குழுவில் உள்ள எல்லோரும் முதல் கூட்டத்திலேயே ஏற்றுக்கொண்டால் பின்னால் வரும் சண்டைகளில் பாதி குறையும்.

சாத்தியக்கூறு ஆய்வும் வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பல குடும்பங்களின் நகை அடகுக்குப் போகிறது. திட்ட அறிக்கை வங்கியை நம்ப வைப்பதற்காக எழுதப்படுவது. சாத்தியக்கூறு ஆய்வு நீங்கள் நம்பலாமா என்று பார்ப்பதற்காகச் செய்யப்படுவது. அது முதலில் வர வேண்டும். "தொடங்கலாம்", "இந்த மாற்றத்தோடு தொடங்கலாம்", "வேண்டாம்" என்ற மூன்று விடைகளில் எது வந்தாலும் ஏற்கும் மனதோடு அதைச் செய்ய வேண்டும். "தொடங்கியே ஆக வேண்டும்" என்று முடிவெடுத்துவிட்டு எழுதுகிற ஆய்வில் எண்கள் எல்லாம் தாமாகவே அழகாக அமைந்துவிடும்.

கடைத்தெருவில் யாரோ தயாரித்துத் தரும் ஆயத்த அறிக்கையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சமவெளியில் உள்ள ஒரு தொழிற்கூடத்தின் கணக்கு அதில் அப்படியே இருக்கும். மலைப்பாதை லாரி வாடகை இருக்காது, தடுப்புச்சுவர் இருக்காது, மழை இருக்காது.

எதை முதலில் பார்க்க வேண்டும்? சந்தையா, பணமா?

நிலத்தை. எந்தக் காரணம் திட்டத்தை முழுதாக நிறுத்திவிடுமோ, எதைத் தெரிந்துகொள்ளக் குறைந்த செலவு ஆகுமோ, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீலகிரியில் அந்த இரண்டுக்கும் பொருந்துவது நிலமும் அதன் மேல் உள்ள சட்டங்களும்தான். வில்லங்கச் சான்றுக்கும் பட்டா நகலுக்கும் ஆகும் கட்டணம் சொற்பம். அதைப் பார்க்காமல் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டினால் இழப்பு லட்சங்களில்.

பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பட்டா யார் பெயரில் இருக்கிறது? பல ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) நிலம் இன்னும் தாத்தா காலத்துக் கூட்டுப்பட்டாவாகவே இருக்கிறது. ஊருக்குள் யாருக்கு எந்தப் பாத்தி என்பதில் எந்தச் சந்தேகமும் இருக்காது. ஆனால் வங்கி கேட்பது தாளில் உள்ள பெயரை. கூட்டுப்பட்டாவில் உள்ள அத்தனை வாரிசுகளும் கையெழுத்திடாமல் அடமானம் நடக்காது. ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில் என்றால் அதற்கே மாதக்கணக்கு ஆகும். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் நிலம் 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், அதாவது உரிமை யாருக்கு என்று இன்னும் தீராத நிலங்களில், வருகிறதா என்று பாருங்கள். அந்த வகை நிலத்தில் வாழும் குடும்பங்கள் வீட்டு மின் இணைப்புக்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்திருக்கிறது.

அடுத்தது கட்டுமானம். ஹாக்கா என்று எல்லோரும் அழைக்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் அமைக்கப்பட்டது. அதன் பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால் அதன் இசைவும் தேவை. மரம் வெட்ட வேண்டுமானால் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட இடமானால் 1949ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தைச் சமப்படுத்தப் பொக்லைன் கொண்டுவர வேண்டுமானால் அதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுக்கும் அப்படியே. "எல்லோரும் போடுகிறார்களே" என்பது எந்த அலுவலகத்திலும் விடை ஆகாது.

சட்டத்தை மேலோட்டமாகப் பார்ப்பதன் விலை என்ன என்பதற்குச் சீகூர்ப் பகுதியைப் பாருங்கள். மசினகுடியைச் சுற்றியுள்ள யானை வழித்தடத்தைத் தமிழக அரசு 2010இல் அறிவித்தது. 2011இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018இல் உச்சநீதிமன்ற உத்தரவால் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் இறுதித் தீர்ப்பும் வழித்தடத்துக்கு ஆதரவாகவே வந்தது. அந்த விடுதிகளில் சில நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. வருமானம் இருந்தது, விருந்தினர் இருந்தார்கள். நிற்கும் இடம்தான் இல்லாமல் போயிற்று.

தொழில்நுட்ப ரீதியாக முடியும் என்று தெரிந்தால் போதாதா?

நம் மலை ரயிலே இதற்கு விடை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு ரயில் விடும் யோசனை 1854இலேயே எழுந்தது. வேலை தொடங்கியதோ 1891இல். 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு 46 கிலோமீட்டரில் ஏற வேண்டும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள ஏற்றத்தில் சாதாரணத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும் ஆப்ட் முறை 1880களில் வந்த பிறகுதான் "முடியும்" என்ற விடை உறுதியாயிற்று.

அப்போதும் வேலை சுலபமாக முடியவில்லை. தொடங்கிய நிறுவனம் பணமில்லாமல் இடையிலேயே கலைக்கப்பட்டது. வேறொரு நிறுவனம் எடுத்து 1899இல் குன்னூர் வரை முடித்தது. உதகைக்கு ரயில் வந்தது 1908இல். பொறியாளர் "முடியும்" என்று சொன்னது ஒரு கேள்விக்கான விடை மட்டுமே. அதற்கு யார் எவ்வளவு காலம் பணம் போடுவார்கள் என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நம் தேயிலைக் கூடத்துக்கு வருவோம். வாடவைத்தல், உருட்டுதல், நொதிக்க வைத்தல், உலர்த்துதல் ஆகிய நான்கும் தெரிந்த வேலைகள்தான். ஆனால் மழைநாளில் பறித்த கொழுந்தைக் கையில் அள்ளிப் பாருங்கள். இலைமேல் நீர் நிற்கும், கூடை கனக்கும். அந்த எடைக்குத்தான் உறுப்பினர் பணம் கேட்பார். அந்த நீரை விறகோ மின்சாரமோ செலவழித்து நீங்கள்தான் வெளியேற்ற வேண்டும். பனிமூட்டம் நாள் முழுக்க விலகாத மாதங்களில் வாடவைக்க எத்தனை மணி நேரம் கூடுதலாக ஆகும் என்று ஏற்கெனவே கூடம் நடத்துபவரிடம் போய்க் கேளுங்கள். இயந்திரம் விற்பவர் காட்டும் விளக்கத்தாளில் உள்ள கொள்திறன் நல்ல வெயில் நாளுக்கானது.

லாபம் வருமா என்று எப்படிக் கணக்கிடுவது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய 4.5 கிலோ பசுந்தேயிலை தேவை. நாளொன்றுக்கு 200 கிலோ வீதம் மாதம் 25 நாள் என்றால் 5,000 கிலோ இலை, அதிலிருந்து சுமார் 1,100 கிலோ தேயிலை. நல்ல இரண்டு இலை ஒரு மொட்டாகப் பறிக்கச் சொல்வதால் உறுப்பினருக்குக் கிலோவுக்கு 25 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தேயிலையில் இலைச் செலவு 112.50 ரூபாய். விறகு, மின்சாரம், பை, பெட்டி எல்லாம் சேர்த்து 50 ரூபாய். ஆக, தயாரித்தால்தான் ஆகும் செலவு கிலோவுக்கு 162.50 ரூபாய்.

இன்னொரு செலவு இருக்கிறது. ஒரு கிலோகூடத் தயாரிக்காவிட்டாலும் ஆகும் செலவு: மாதச் சம்பளம், கடன் தவணை, காப்பீடு, மின்சாரத்தின் நிலைக் கட்டணம். மாதம் 1,20,000 ரூபாய் என்று வைப்போம்.

கிலோ 350 ரூபாய்க்கு விற்றால் ஒவ்வொரு கிலோவிலும் 187.50 ரூபாய் மிஞ்சும். 1,20,000ஐ அதனால் வகுத்தால் 640. மாதம் 640 கிலோ விற்றால் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. அதுதான் சமநிலைப் புள்ளி. 1,100 கிலோவும் விற்றால் மாதம் 86,000 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். உண்மையான ஆய்வு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை என்ன ஆகும்? உறைபனி விழுந்து தேயிலை கருகும், பிறகு வறட்சி. இலை பாதியாகக் குறைந்தால் 555 கிலோ தேயிலைதான். மாதம் 16,000 ரூபாய் நட்டம். மூன்று மாதத்துக்கு 48,000. இந்தப் பணம் நடைமுறை மூலதனத்தில் (அன்றாடச் செலவுக்கென வைத்த பணத்தில்) தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் மார்ச் மாதத் தவணை யாருடைய வளையலில் இருந்து போகும் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

விலை 350இலிருந்து 280க்கு இறங்கினால்? சமநிலைப் புள்ளி ஏறக்குறைய 1,021 கிலோவுக்கு ஏறிவிடும். அதாவது முழுக் கொள்திறனில் ஓடி, எல்லாவற்றையும் விற்றாலும் கையில் நிற்பது பத்தாயிரத்துக்குக் கீழே. ஐந்தில் ஒரு பங்கு விலை இறக்கம் லாபத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கொண்டுபோகிறது. இந்தத் திட்டம் எதை நம்பி நிற்கிறது என்று இப்போது தெரிகிறது: இயந்திரத்தை நம்பி இல்லை, விலையை நம்பி. ஆகவே ஆய்வின் பெரும்பங்கு உழைப்பும் அங்கேதான் போக வேண்டும்.

அப்படியானால் சந்தையை எப்படிச் சோதிப்பது?

"நீலகிரித் தேயிலைக்கு உலகமெங்கும் மதிப்பு" என்று எழுதுவது சந்தை ஆய்வு ஆகாது. குன்னூர் ஏலத்தில் சாதாரணத் தூள் போகும் விலை நம் 350க்கு வெகு கீழே. எனவே ஏலத்தை நம்பி இந்தக் கூடம் நடக்காது, வாங்குபவர்களை நேரடியாகப் பிடிக்க வேண்டும். மாதம் 1,100 கிலோவை கால் கிலோப் பொட்டலமாகப் போட்டால் 4,400 பொட்டலம். ஒவ்வொரு மாதமும். அவை எந்தக் கடையில், எந்த ஊரில் போகும்?

செய்ய வேண்டியது இதுதான். கூடம் கட்டும் முன், ஏற்கெனவே உள்ள ஒரு சிறு கூடத்தில் கூலிக்குக் கொடுத்து 50 கிலோ தயாரித்து வாங்குங்கள். உங்கள் பெயர் ஒட்டி, நீங்கள் நினைத்த விலையை வைத்து, தெரியாதவர்களிடம் விற்றுப் பாருங்கள். உறவினர் வாங்குவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல்முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடி கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அந்த ஒரு எண் நூறு பக்க அறிக்கையைவிட அதிகம் சொல்லும்.

சுற்றுலாப் பயணிகளை நம்பும் திட்டமானால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025இல் சீசன் மாதங்களுக்கு உயர்நீதிமன்றம் உச்சவரம்பும் விதித்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். மே மாதக் கூட்டத்தைப் பார்த்து ஆண்டு முழுவதற்கும் பெருக்கிவிடக் கூடாது.

இன்றைய சந்தையை மட்டும் பார்த்தாலும் போதாது. உதகையில் படச்சுருள் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசியில்லாத குளிர்ந்த காற்று, நல்ல நீர் என இடத்தேர்வு பொருத்தமாகவே இருந்தது. 1990களில் நிறுவனம் நலிந்தது. பிறகு டிஜிட்டல் கேமரா வந்தபோது படச்சுருளுக்கான சந்தையே கரைந்துவிட்டது. எத்தனையோ குடும்பங்களை வாழவைத்த ஆலை அது. வாங்குபவர் பத்தாண்டு கழித்தும் வாங்குவாரா என்ற கேள்வியை எந்தத் திட்டமும் தவிர்க்க முடியாது.

மானியம் கிடைக்கிறதே, அதை வைத்துக் கணக்குப் போடலாமா?

மானியம் இல்லாமல் கணக்குப் போட்டு, திட்டம் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால் மானியம் கூடுதல் பலம். மானியத்தால் மட்டுமே நிற்கிறது என்றால் தொடாதீர்கள். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று 2020இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது முதல் நாளே கையில் தரப்படும் பணமல்ல. கடன் கணக்கோடு இணைத்து வைக்கப்பட்டு, தவணை ஒழுங்காகக் கட்டப்பட்ட பிறகே கடனில் சரிக்கட்டப்படும். அதுவரை செலவுக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும்.

கால அட்டவணை போடுவது எப்படி? எந்த வேலை தாமதமானால் எல்லாம் தாமதமாகும்?

வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாரம், எது முடிந்தால் எது தொடங்கும் என்று குறியுங்கள். அவற்றில் மிக நீளமான தொடரை உச்சநிலைப் பாதை (critical path) என்பார்கள். 1957இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் உருவான முறை இது. ஒரு பெரிய சார்ட்டும் பென்சிலும் போதும்.

அனுமதியும் கடனும் கைக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நிலம் சமப்படுத்த 2 வாரம், தடுப்புச்சுவர் 4, கூடம் கட்ட 8, மின் இணைப்பு 3, சோதனை ஓட்டம் 2. ஒன்றன்பின் ஒன்றாக 19 வாரம். இயந்திரம் ஆர்டர் கொடுத்து 10 வாரத்தில் வரும். பொருத்த 2 வாரம். அதை மின் இணைப்பு வேலை நடக்கும்போதே செய்யலாம்.

இப்போது பாருங்கள். கூடம் முடிவது 14ஆவது வார இறுதியில். இயந்திரம் 15ஆவது வார இறுதியில் வந்தாலும் போதும். அப்படியானால் ஆர்டரை 5 வாரம் தள்ளிக் கொடுக்கலாம், அத்தனை வாரத்து வட்டியும் மிச்சம். முதல் நாளே முன்பணம் கட்டி இயந்திரத்தை வரவழைத்தால் திட்டம் ஒரு நாள்கூட முன்னதாக முடியாது. இயந்திரம் தார்ப்பாய்க்குள் நனைந்துகொண்டிருக்கும். தடுப்புச்சுவர் ஒரு வாரம் தள்ளிப்போனாலோ திறப்பு நாளும் ஒரு வாரம் தள்ளிப்போகும். மேற்பார்வை முழுக்கச் சுவரின் மேல் இருக்க வேண்டும்.

பிறகு இதை மழையோடு பொருத்துங்கள். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெட்டிய மண்மேட்டைத் தடுப்புச்சுவர் இல்லாமல் மழைக்காலத்துக்குள் விடுவது மேலே உள்ள வீட்டுக்காரர் உயிரோடு விளையாடுவது. கோத்தகிரியில் இந்தத் திட்டம் ஜனவரியில் தொடங்க வேண்டும். அனுமதி ஆகஸ்டில் கைக்கு வந்தாலும் நிலத்தைத் தொடாமல் ஜனவரி வரை காத்திருங்கள்.

எங்கள் ஊர் மக்கள் சம்மதம் எல்லாம் ஆய்வில் வருமா?

கட்டாயம் வரும். கூடத்தின் கழிவுநீர் எந்த ஓடையில் இறங்குகிறது, அதன் கீழே யார் குடிக்கிறார்கள்? பாதை யாருடைய தோட்டத்தின் வழியே போகிறது? ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் முன் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசுங்கள், எதிர்ப்பு இருந்தால் அங்கேயே வெளிவரட்டும்.

வேலையாட்களைப் பற்றியும் கேளுங்கள். இளைஞர்கள் பலர் சமவெளிக்குப் போய்விட்டார்கள். பல எஸ்டேட்டுகள் வடமாநிலத் தொழிலாளர்களை வைத்தே நடக்கின்றன. உருட்டிய இலையை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது, வேலை இரவு வரை இழுக்கும். கரடியும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் பெண்களை இருட்டிய பிறகு நடந்து போகச் சொல்லக் கூடாது. அவர்களை வீடு சேர்க்க ஒரு ஜீப் வேண்டும். அந்த வாடகை மாதச் செலவில் இருக்க வேண்டும்.

பத்துப் பேர் குழு. யார் பொறுப்பு?

ஒருவர். முடிவுகளைப் பத்துப் பேரும் சேர்ந்து எடுக்கலாம். ஆனால் இன்று சிமென்ட் வந்ததா, மேஸ்திரி ஏன் வரவில்லை என்பதற்கு ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு தொகை வரை அவர் யாரையும் கேட்காமல் செலவிடலாம் என்பதைத் தீர்மானமாக எழுதிவையுங்கள். அவருடைய நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். சும்மா செய்யச் சொன்ன வேலையில் கணக்குக் கேட்பது கடினம்.

இதற்குக் கணினி மென்பொருள் வேண்டுமா?

இந்த அளவுத் திட்டத்துக்கு வேண்டாம். சுவரில் ஒரு சார்ட், ஒரு செலவுப் பேரேடு, வாரம் ஒரு கூட்டம் போதும்.

நடுவில் "இன்னொரு அறையும் சேர்த்துக் கட்டிவிடலாம்" என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

அதற்கு எவ்வளவு செலவு, எத்தனை வாரம், எந்தப் பணத்திலிருந்து என்ற மூன்றையும் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த அறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அவசரச் செலவுக்கென்று ஒதுக்கிய தொகை மண் சரிவுக்கும் விலை ஏற்றத்துக்கும்தான், விருந்தினர் அறைக்கு இல்லை.

ஆய்வு "வேண்டாம்" என்று சொன்னால் இத்தனை உழைப்பும் வீண்தானே?

வீண் இல்லை. எங்கள் மலையில் பாதி கட்டி நிற்கும் சுவர்களையும், பூட்டிக் கிடக்கும் கூடங்களையும் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அவற்றின் பின்னால் இருப்பது சோம்பேறிகள் இல்லை, நன்றாக உழைக்கத் தெரிந்தவர்கள். அவர்களிடம் யாராவது ஒருவர் முன்கூட்டியே கணக்கைக் காட்டியிருக்கலாம்.

"வேண்டாம்" என்ற விடை பெரும்பாலும் "இப்படி வேண்டாம்" என்றே வரும். நம் எடுத்துக்காட்டில் 350 ரூபாய்க்கு மாதம் 200 கிலோதான் போகும் என்று சோதனை விற்பனையில் தெரிந்தால், கூடம் கட்ட வேண்டியதில்லை. கூலிக்குத் தயாரித்து வாங்கி, உங்கள் பெயரில் விற்கத் தொடங்குங்கள். நிலைச் செலவு மிகச் சொற்பமாக இருக்கும். மாதம் 640 கிலோவைத் தாண்டும் நிலை வந்தபின் பழைய கணக்கை எடுத்துப் புது விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் வாரம் வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, நில வரைபடம் ஆகியவற்றை எடுங்கள். கிராமம் ஹாக்கா பட்டியலில் வருகிறதா என்று கேளுங்கள். அடுத்து மாவட்டத் தொழில் மையத்தில் எந்தெந்தத் திட்டத்துக்கு உங்கள் குழு தகுதி பெறும் என்று விசாரியுங்கள். அதோடு, மழைக்காலத்தில் ஒரு நாளும் வெயில் காலத்தில் ஒரு நாளும், ஏற்கெனவே இந்தத் தொழில் செய்பவரின் கூடத்தில் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து பாருங்கள். இவை முடியும் வரை இயந்திரம் விற்பவரின் அலைபேசி அழைப்பை எடுக்க வேண்டாம்.